வைஃபை வேகமும் அடுத்த வீட்டுக்காரரும்



பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் கேள்விகள் என்னை விடவில்லை. அப்போது ஓம் விதியையும் ஒளி விலகலையும் கேட்டவர்கள், இப்போது வேறு மாதிரி கேட்கிறார்கள். "சார், ரவுட்டர் அட்டைப்பெட்டியில் 300 என்று போட்டிருக்கிறது. வீட்டில் சோதித்துப் பார்த்தால் பாதிகூட வருவதில்லை. செட்டிங்கில் 20, 40, 80 என்று ஏதோ இருக்கிறதே, பெரிய எண்ணை வைத்தால் வேகம் கூடுமா?" கடந்த சில மாதங்களில் நான்கைந்து பேர் இதையே கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். விடுமுறை நாளில் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். கூடும், ஆனால் எவ்வளவு கூடும் என்பதை உங்கள் ரவுட்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. உங்கள் சுவரும் அடுத்த வீட்டு ரவுட்டரும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் இந்த 20, 40, 80 எப்படி வந்தன என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 20, 40, 80 என்பவை வேகம் அல்ல, அகலம். காற்றில் ரேடியோ அலைகள் போக ஒதுக்கிய இடத்தைச் சாலை என்று வைத்துக்கொண்டால், அதில் உங்கள் ரவுட்டர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் அந்த எண். அடிப்படைச் சேனலின் அகலம் 20. பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் இரண்டை ஒட்டவைத்தால் 40, நான்கை ஒட்டவைத்தால் 80, எட்டை ஒட்டவைத்தால் 160. இப்படி ஒட்டவைப்பதைத்தான் சேனல் பாண்டிங் என்கிறார்கள்.

யாருக்கும் வேண்டாத புறம்போக்கு

வைஃபை முதலில் குடியேறிய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை, ஒரு காலத்தில் ரேடியோ உலகின் புறம்போக்கு நிலம். 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாட்டில் தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில பட்டைகளை ஒதுக்கினார்கள். பேசுவதற்காக அல்ல, சூடாக்குவதற்கும் அதுபோன்ற வேலைகளுக்கும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது இந்தப் பட்டையில்தான். இரைச்சல் மிகுந்த இடம் என்பதால் தகவல் தொடர்புக்காரர்கள் யாரும் அதன் பக்கம் ஆசையாகத் திரும்பவில்லை.

1985 மே மாதம் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஒரு முடிவெடுத்தது. அங்கே பணியாற்றிய மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் முன்னின்று உழைத்ததன் பலன் அது. அலையைப் பரப்பி அனுப்பும் முறையைக் கையாண்டால், இந்தப் பட்டைகளில் உரிமம் இல்லாமலேயே யாரும் சாதனங்களை இயக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. உரிமம் வாங்கியவர்களுக்கு நீங்கள் இடையூறு செய்யக்கூடாது. உங்களுக்கு யாரால் இடையூறு வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அடுப்பால் உங்கள் சிக்னல் கெட்டாலும் புகார் கொடுக்க வழியில்லை. இலவசமாகக் கிடைத்த இடம். அதில் யாருக்கும் பட்டா கிடையாது. இந்த ஒரு நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

அனுமதி கிடைத்ததும் பல நிறுவனங்கள் இறங்கின. கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க நினைத்த என்.சி.ஆர். நிறுவனம், தன் நெதர்லாந்துக் கிளையில் 'வேவ்லேன்' என்ற கருவியை உருவாக்கியது. ஆளுக்கொரு முறையில் செய்தால் ஒன்றோடொன்று பேசாதே என்பதால், 802.11 என்ற எண்ணில் பொதுத்தர வரைவுக் குழு ஒன்று அமைந்தது. அதே கிளையைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் 1990 முதல் பத்தாண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். 1997-ல் முதல் தரம் வந்தபோது வேகம் நொடிக்கு வெறும் 2 மெகாபிட். 1999-ல் வந்த 'பி' வகையில் 11, 2003-ல் வந்த 'ஜி' வகையில் 54.

மூன்று பேர் உட்காரும் இருக்கை

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். நம் நாட்டில் அதில் 1 முதல் 13 வரை சேனல் எண்கள் உண்டு. பதின்மூன்று சேனல் இருக்கிறதே, பதின்மூன்று வீட்டுக்குப் போதுமே என்று தோன்றும். அப்படி இல்லை. சேனல்களுக்கு இடையே உள்ள தூரம் 5 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் அடைத்துக்கொள்ளும் அகலமோ 20-க்கு மேல். ஆகவே 1-ல் உட்கார்ந்தவரின் முழங்கை 4 வரை நீளும். இடிக்காமல் உட்கார வேண்டுமானால் 1, 6, 11 என்ற மூன்று இடங்கள்தான் வசதி.

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். 2.4 என்பது அந்த இருக்கை.

ஒரே சேனலில் இரண்டு வீடு இருந்தால் என்ன ஆகும்? வைஃபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருந்து, அவர் முடித்த பிறகு தன் முறையில் பேசும். ஒரே வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி. ஒரே சேனலில் உள்ள எல்லா வீடுகளும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அகலம் கூடினால் வேகம் கூடுவது எப்படி

1948-ல் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் ஒரு சூத்திரம் தந்தார். ஒரு தகவல் பாதையின் உச்ச வேகம் இரண்டைப் பொறுத்தது: பாதையின் அகலம், சிக்னல், இரைச்சலைவிட எத்தனை மடங்கு பலமாக இருக்கிறது என்ற விகிதம். இதில் அகலத்துக்குத்தான் பலன் அதிகம். அகலத்தை இரட்டித்தால், விகிதம் மாறாதவரை, வேகம் நேராக இரட்டிக்கும். விகிதத்தை இரட்டித்தாலோ மடக்கைக் கணக்கில் கொஞ்சம்தான் ஏறும். பதினோராம் வகுப்பில் மடக்கை எதற்கு என்று கேட்டவர்களே, இதற்குத்தான்.

இரண்டு பாதைகளை ஒட்டவைத்து ஒன்றாக்கும் யோசனை வைஃபைக்கு முன்பே கம்பியில் இருந்தது. ஐ.எஸ்.டி.என். தொலைபேசி இணைப்பில் 64 கிலோபிட் பாதைகள் இரண்டைச் சேர்த்து 128 ஆக்கிப் பயன்படுத்தினார்கள். அந்த இரண்டு பாதைகளும் காசு கொடுத்து வாங்கியவருக்கே சொந்தம். ஒட்டினால் யாருக்கும் நட்டமில்லை. காற்றில் ஒட்டும்போது கதை மாறுகிறது. நீங்கள் சேர்த்துக்கொள்ளும் இரண்டாவது சேனல் உங்களுடையது அல்ல. பொது இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் அது.

2003: முதல் சச்சரவு

'ஜி' வகை வந்த அதே 2003-ல், ஏதெராஸ் என்ற சிப் நிறுவனம் 'சூப்பர் ஜி' என்ற பெயரில் 54-ஐ 108 ஆக்கிக் காட்டியது. பொதுத்தரத்தில் இல்லாத, அந்த நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு அது. அதன் டர்போ முறையில் இரண்டு சேனல்களை ஒட்டினார்கள். 2.4 பட்டையில் அது நடுநாயகமாக 6-ஆம் சேனலில் உட்கார்ந்து இருபுறமும் பரவிக்கொண்டது. மூன்று பேர் இருக்கையில் நடுவில் உட்கார்ந்து காலை அகட்டிக்கொள்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

போட்டி நிறுவனமான பிராட்காம், இது பக்கத்தில் உள்ள சாதாரண வைஃபையைக் கெடுக்கிறது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. ஏதெராஸ் அதை மறுத்தது. வியாபாரப் போட்டி ஒருபுறம் இருக்கட்டும். உரிமம் இல்லாத பொது இடத்தில் ஒருவர் எவ்வளவு அகலம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி முதன்முதலாகக் கடைத்தெருவுக்கு வந்தது அப்போதுதான்.

ஆறு ஆண்டு இழுபறி

அடுத்த தரமான 'என்' வகைக்கான குழு 2003-ல் அமைந்தது. முடிந்தது 2009 செப்டம்பரில். நடுவில் ஆறு ஆண்டுகள். பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று இந்த 40 மெகாஹெர்ட்ஸ்.

குழுவில் இரண்டு அணிகள் நின்றன. 'டிஜிஎன் சிங்க்' என்ற அணி 40 மெகாஹெர்ட்ஸை எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படையாக்க விரும்பியது. 'வைஸ்' என்ற அணி 20 போதும், 40 விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருக்கட்டும் என்றது. ஒரு முன்மொழிவு நிறைவேற 75 சதவீத வாக்கு வேண்டும். இரு தரப்புக்கும் அது கிடைக்கவில்லை. பிறகு சமரசமாக ஒரு வரைவு வந்தது. 2006-ல் அதை வாக்குக்கு விட்டபோது ஏறத்தாழ 12,000 கருத்துரைகள் குவிந்து, அதுவும் தோற்றது.

பொறியாளர்கள் இவ்வளவு மல்லுக்கட்ட 40-ல் என்ன இருக்கிறது? லாபம் பெரியது. வைஃபை தன் சேனலை மெல்லிய இழைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வோர் இழையிலும் தகவலை அனுப்புகிறது. 'என்' வகையில் 20 மெகாஹெர்ட்ஸில் தகவல் சுமக்கும் இழைகள் 52. இரண்டு மடங்கு என்றால் 104 தானே வர வேண்டும்? 40-ல் வருவதோ 108. இரண்டு சேனல்களுக்கு நடுவே வேலியாக விட்டிருந்த இடத்தையும் சேர்த்து உழுதுவிட்டதால் வந்த உபரி அது. வயலை ஒட்டிய வரப்பை வெட்டிச் சேர்த்தால் கொஞ்சம் நிலம் கூடுவது போல. ஆகவே ஓர் ஆன்டெனா தகவல் ஓடைக்கு 20-ல் 72 மெகாபிட் என்றால் 40-ல் 150. இரண்டு ஓடைகள் என்றால் 300. அட்டைப்பெட்டியில் நீங்கள் பார்க்கும் 300 இதுதான். அகலம் 40 இருந்தால் மட்டுமே வரும் எண் அது. 20-ல் ஓடினால் உச்சம் 144.

இந்த எண்ணிலும் முழுவதும் கைக்கு வராது. காத்திருக்கும் நேரம், 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்லும் நேரம், எல்லாம் கழிந்து பாதியோ கொஞ்சம் கூடுதலோதான் நமக்கு மிஞ்சும்.

இறுதித் தரத்தில் 40 கட்டாயமாக இல்லாமல் விருப்பமாக இடம்பெற்றது. கூடவே மரியாதை விதிகளும் வந்தன. 2.4 பட்டையில் 40-ஐ எடுக்கும் முன் ரவுட்டர் அக்கம்பக்கத்தை நோட்டம் விட வேண்டும். இன்னொருவர் அந்த இடத்தில் இருந்தால் 20-க்குத் திரும்ப வேண்டும். "என்னால் 40-ஐத் தாங்க முடியாது" என்று ஒரு கருவி அறிவித்தாலும் திரும்ப வேண்டும். சில ரவுட்டர்களில் '20/40' என்று சேர்த்துப் போட்டிருப்பது இதற்காகத்தான். வேகச் சோதனையில் பெரிய எண் வர வேண்டும் என்பதற்காகச் சிலர் வெறும் '40' என்று கட்டாயமாக்குகிறார்கள். அது விதியை மீறிக் காலை அகட்டி உட்காருவது.

விதி இருந்தும் ஒரு குறை இருந்தது. ஒட்டிய சேனல்களில் ஒன்று முதன்மை, மற்றது துணை. முதன்மைச் சேனலில் மெல்லிய வைஃபை சத்தம் கேட்டாலும் ரவுட்டர் வாயை மூடிக் காத்திருக்கும். துணைச் சேனலில் அதற்குக் காது மந்தம். 'என்' தரத்தில், முதன்மையில் கேட்பதைவிட 100 மடங்கு பலமான சத்தம் இருந்தால்தான் துணையில் ஆள் இருப்பதாகவே எண்ணும். துணைச் சேனலில் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த அடுத்த வீட்டின் பேச்சை இது பாதியில் மிதித்துவிடும். 2013-ல் வந்த 'ஏசி' தரம் அந்த வித்தியாசத்தை 10 மடங்காகக் குறைத்தது.

இரண்டு கணக்குகள்

ஆசிரியர் எழுதினால் கணக்கு இல்லாமல் எப்படி? இரண்டே இரண்டு.

முதல் கணக்கு: பங்கு. இரண்டு வீடுகள் 20 மெகாஹெர்ட்ஸில், ஒன்று சேனல் 1-லும் மற்றது 6-லும் இருக்கின்றன. ஓர் ஓடைக்கு இருவருக்கும் ஆளுக்கு 72. இப்போது இருவரும் ஒரே இடத்தில் 40-க்கு மாறுகிறார்கள். வேகம் 150. ஆனால் இருவரும் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். 150-ஐ இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 75. இவ்வளவு செய்து லாபம் 3. அதுவும் காகிதத்தில்தான். முறைக்காகக் காத்திருக்கும் நேரமும் இடையூறும் சேர்ந்து அந்த 3-ஐயும் தின்றுவிடும். ஒருவர் தூங்கும்போது மற்றவருக்கு 150 கிடைக்கும் என்பது உண்மை. இரவு எட்டு மணிக்கு யார் தூங்குகிறார்கள்?

இரண்டாவது கணக்கு: தூரம். ரவுட்டரின் சக்தி கூடுவதில்லை. அதே சக்தியை இரண்டு மடங்கு அகலத்தில் பரப்புகிறோம். இரைச்சலும் இரண்டு மடங்கு உள்ளே வருகிறது. அதாவது சிக்னல்-இரைச்சல் விகிதம் பாதியாகிறது. ரவுட்டர் இருக்கும் கூடத்தில் விகிதம் 1000 என்று வைத்துக்கொள்வோம். ஷானன் கணக்குப்படி 20 மெகாஹெர்ட்ஸில் உச்சம் சுமார் 199 மெகாபிட். 40-ல் விகிதம் 500 ஆகி, உச்சம் சுமார் 359. நல்ல லாபம்தான். கான்கிரீட் சுவர்கள் தாண்டிய கடைசி அறையில் விகிதம் 1 என்று வைப்போம். 20-ல் 20 மெகாபிட். 40-ல் விகிதம் அரையாகி, சுமார் 23. இடத்தை இரட்டிப்பாகப் பிடித்தும் கிடைத்தது 3. அகலம் அருகில் இருப்பவனுக்கே உதவுகிறது. ஓரத்து அறையில் படிக்கும் பிள்ளைக்கு உதவுவது அகலம் அல்ல. ரவுட்டரை நகர்த்தி வைப்பதுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அடுக்குமாடியில் குடியிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி சொன்னது இது. இணைப்புக் கொடுக்க வந்தவர் 2.4-ல் 40 வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் அருமையாக இருந்திருக்கிறது. பிறகு மேல் வீட்டிலும் அதையே செய்தார்கள். அதன் பிறகு அவளுடைய அலுவலகக் கூட்டங்களில் குரல் வெட்டி வெட்டி வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வயதான தம்பதி, பழைய ரவுட்டர், சேனல் 6. மாலையில் வெளிநாட்டுப் பேரனோடு வீடியோவில் பேசுவதுதான் அவர்களுக்கு நாளின் பெரிய நிகழ்ச்சி. படம் உறைந்து உறைந்து நிற்பதைப் பார்த்து, தங்கள் கைபேசிதான் பழுது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்கள். அப்போதும் சரியாகவில்லை.

நான் சொன்னபடி அவள் கைபேசியில் வைஃபை சேனல்களைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். மூன்று வீட்டு மலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மேல் வீட்டுக்காரரிடம் பேசி, இருவரும் 20-க்குத் திரும்பினார்கள். ஒருவர் 1, ஒருவர் 11. நடுவில் 6 பெரியவர்களுக்கு. வேகச் சோதனையில் அவளுக்கு எண் குறைந்ததாம். ஆனால் கூட்டத்தில் குரல் வெட்டுவது நின்றுவிட்டது. கீழே பேரன் முகமும் தெளிவாகத் தெரிகிறது.

5 கிகாஹெர்ட்ஸ்: அகலமான தெரு, ஆனால் அங்கும் குடியிருப்பவர் உண்டு

சேனல்களை ஒட்டுவதற்கு உண்மையில் ஏற்ற இடம் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை. அங்கே இடம் தாராளம். 2013-ல் வந்த 'ஏசி' வகை அங்கு மட்டுமே இயங்குவது. 80 மெகாஹெர்ட்ஸைச் சாதாரணமாக்கி, 160-ஐ விருப்பமாக வைத்தது. 80-ல் தகவல் இழைகள் 234. ஓர் ஓடைக்கு 433 மெகாபிட் வரை. வேகத்தின் பெரிய பாய்ச்சல் இதுதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்ட 2.4-ஐவிடச் சிரமப்படும். இந்தக் குறையே இங்கே நன்மையும்கூட. உங்கள் சத்தம் அடுத்த வீட்டுக்கு அதிகம் போகாது; அவர்கள் சத்தமும் உங்களிடம் வராது.

நம் நாட்டில் 2.4 பட்டை 2005 ஜனவரியில் உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரிய வாசல் திறந்தது 2018 அக்டோபரில்தான். மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைத்தது. 83.5-க்கு எதிரே 605. ஆனாலும் ஒட்ட ஒட்ட எண்ணிக்கை சுருங்குவதைக் கவனியுங்கள். இந்த இடத்தில் ஒன்றையொன்று இடிக்காத 80 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் ஆறு. 160 என்றால் இரண்டே இரண்டு. பொது இடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், ஆளுக்கு எடுக்கும் அளவைப் பெரிதாக்கினால் பழைய மூன்று பேர் இருக்கையைவிட மோசமான நிலைக்கு வந்துவிடுகிறோம்.

இந்தப் பட்டையில் நமக்கு மூத்த குடிகளும் உண்டு: ரேடார்கள். 2003-ல் நடந்த உலக ரேடியோ மாநாடு 5 கிகாஹெர்ட்ஸின் பகுதிகளை வைஃபை போன்ற கருவிகளுக்கு ஒதுக்கியபோது, ரேடாரோடு பகிரும் பகுதிகளில் அதன் சத்தம் கேட்டால் விலகிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. வெறும் சம்பிரதாயம் அல்ல இது. 2009-ல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாருக்கு, 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய உரிமமற்ற கம்பியில்லாக் கருவிகளால் இடையூறு ஏற்பட்டதைக் கண்டுபிடித்தார்கள். விமானம் இறங்கும் நேரத்தில் திடீர்க் காற்று மாற்றத்தை எச்சரிக்கும் ரேடார் அது.

5 கிகாஹெர்ட்ஸில் 160 என்ற அகலத்தை எங்கே வைத்தாலும் இந்த ரேடார் பகுதியைத் தொடாமல் வைக்க முடியாது. அதனால்தான் 160-ஐத் தேர்ந்தெடுத்தால் சில ரவுட்டர்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டுப் பிறகே சிக்னல் தருகின்றன. பழுது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ரேடார் பேசுகிறதா என்று அது காது கொடுத்துக் கேட்கிறது. நடுவில் ரேடார் குரல் கேட்டால் திடீரென்று சேனலை மாற்றவும் செய்யும்.

இப்போது நிற்கும் இடம்

2019-க்குப் பிறகு வந்த வைஃபை 6, பாதையை அகலமாக்குவதைவிடப் பங்கிடுவதில் அதிகக் கவனம் வைத்தது. ஒரே சேனலின் இழைகளைப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுக்கும் முறை அதில் வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் அரசு அதன் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸுக்கான வரைவு விதிகளை 2025 மே மாதம் வெளியிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து சான்றிதழோடு வரும் வைஃபை 7-ல் அகலம் 320 வரை போகிறது. அந்த 1200-ல் 320 மூன்றுதான் அடங்கும். 500-ல் ஒன்றே ஒன்று.

வைஃபை 7-ல் எனக்குப் பிடித்தது 320 அல்ல. ஒட்டிய சேனல்களில் நடுவே ஒரு பகுதியை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்தத் துண்டை மட்டும் துளையிட்டு விட்டுவிட்டு மிச்சத்தில் பேசும் முறை கட்டாயமாகியிருக்கிறது. முன்பெல்லாம் நடுவில் ஒருவர் இருந்தால் அகலமே சுருங்கிவிடும், அல்லது அவரை மிதிக்க வேண்டியிருக்கும். 2003-ல் தொடங்கிய சச்சரவுக்கு இருபது ஆண்டு கழித்து வந்த நாகரிகமான தீர்வு அது.

சரி சார், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

2.4 கிகாஹெர்ட்ஸ்: 20. சேனல் 1, 6, 11-ல் எது காலியோ அது. தோட்டத்து நடுவில் தனி வீடு, சுற்றி யாரும் இல்லை என்றால் மட்டும் 40-ஐ யோசிக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸ்: தனி வீடு, சிறிய குடியிருப்பு என்றால் 80. நெருக்கமான அடுக்குமாடி என்றால் 40 வைத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே நிலையாக இருக்கும். 160 வேண்டுமானால், முதலில் உங்கள் இணைய இணைப்பே எத்தனை மெகாபிட் என்று பாருங்கள். மாதம் 100 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுபவருக்கு 160 எதற்கு? வாய்க்காலில் வரும் தண்ணீர் அவ்வளவுதான். மடையை அகலமாக வெட்டினால் தண்ணீர் கூடாது.

டி.வி., கணினி போல ஒரே இடத்தில் இருப்பவற்றுக்கு முடிந்தால் கம்பி இழுத்துவிடுங்கள். காற்றில் ஒரு ஆள் குறைந்தால் உங்கள் வீட்டுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் பேசுகிறோம். அடுத்த முறை பத்து நிமிடம் ஒதுக்கி, யார் எந்தச் சேனல் என்று பேசிக்கொள்ளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த அலையை நமக்கு இலவசமாகக் கொடுத்தபோது, ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு பயன்படுத்துங்கள் என்றுதான் கொடுத்தார்கள். அந்தப் பொறுமையில் ஒரு பகுதியை ரவுட்டருக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் மாற்றிப் பார்த்தவர்கள், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, எந்த அறையில் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். செய்முறைத் தேர்வு மாதிரி அட்டவணை போட்டு அனுப்பினால் மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்